குறிக்காரம்மா பிரித்த நூல்

நீங்கள் உடுத்தும் உள்ளாடையை யாரோ மேசைமேல் விரித்துப்போட்டு, பத்துப்பேர் சுற்றி நின்று சிரித்து, ஒருவர் அதைப் படமெடுத்து, பக்கத்தில் உங்கள் முகத்தையும் ஒட்டி, ‘இவள் ஆளைக் கொல்கிறவள்’ என்று ஊருக்கெல்லாம் அனுப்பினால், மறுநாள் எந்த முகத்தோடு வேலைக்குப் போவீர்கள்? பதிலுக்கு அவசரம் இல்லை. அந்த மேசையைச் சுற்றி நின்ற பத்துப்பேரில் ஒருத்தியின் கதையை முதலில் கேளுங்கள். துணியை விரித்ததே அவள்தான்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளைக் குறிக்காரம்மா என்பார்கள். வயது ஐம்பத்தாறு. முப்பத்தொரு வருஷமாக ஒரே வேலை, துணியில் நூலால் அடையாளம் தைப்பது. போர்வை எந்த வார்டு, அங்கி எந்த டாக்டருடையது, விடுதி நர்ஸின் பாவாடை எந்த அறை என்பதெல்லாம் நாலு தையலில் அடங்கிவிடும். பிரசவத்துக்குச் சிவப்பு நூல், அறுவை சிகிச்சைக்கு நீலம், நர்ஸ் விடுதிக்குப் பச்சை. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அவள் பட்டப்பெயரைக் கேட்டுவிட்டுக் கையை நீட்டுவார்கள்.

“அம்மா, எனக்கும் ஒரு குறி சொல்லுங்களேன்.”

அவள் அந்தக் கையைப் புரட்டிப் பார்ப்பாள். “சோப்பு உனக்கு ஒத்துக்கல. பத்து நாள்ல புண்ணாயிடும். கையுறை போடு.”

அது பலிக்காமல் போனதே இல்லை.

வெளிச் சலவைக்கடையின் அடையாளத்தோடு துணி வந்தால், அந்தக் குறியைப் பிரித்தெறிந்துவிட்டுத்தான் தன் குறியைத் தைப்பாள். ரெண்டு குறி போட்ட துணி ரெண்டு வீட்டுக்கும் போய்ச் சேராது என்பாள். இதைச் சொல்லும்போது அவள் துணியைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். அவள் புருஷனுக்கு இரண்டு வீடு இருந்தது. இரண்டாவது வீட்டின் விலாசம் தெரிந்த அன்றே, நாலு வயது மகளைத் தூக்கிக்கொண்டு முதல் வீட்டிலிருந்து வெளியேறினாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, பச்சை நூல் கட்டிய விடுதி மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே வெள்ளையில் ஒரு மேலாடையும் முழங்கால்வரை வரும் ஒரு கால்சட்டையும் இருந்தன. மெல்லிய துணி, நல்ல தையல். மார்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று, தொப்புளுக்கு நேராக ஒன்று, வலது முழங்காலில் ஒன்று என்று சின்னச் சின்னதாக நாலு அடையாளங்கள். அவற்றின் வடிவம் இங்கே வேண்டாம். அதை எழுதக்கூடாது என்று பிற்பாடு குறிக்காரம்மாவே கேட்டுக்கொண்டாள்.

“நாலு இடத்துல குறி போடுற லாண்டரி எதுடா? வேலை மெனக்கெட்டவனா இருப்பான் போல,” என்று சொல்லிக்கொண்டே பிரிக்கும் ஊசியை எடுத்தாள். முழங்கால் குறியைப் பிரித்து முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இஸ்திரி உருளையை ஓட்டுகிறவர் எட்டிப் பார்த்தார். காதில் விழுந்ததையெல்லாம் ஒலிபரப்பிவிடுவதால் அவருக்கு ரேடியோ என்று பெயர்.

“அக்கா, நிறுத்துங்க. இது லாண்டரி குறி இல்ல. ஏதோ மந்திரம்.”

“உன் மூஞ்சிதான் மந்திரம். போய் உருளையைப் பாரு.”

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் வேடிக்கையாக இருந்தது. இரண்டு துணிகளையும் மேசைமேல் ஆள் படுத்திருப்பதுபோல் விரித்தாள். எல்லாரும் கூடினார்கள். விடுதியைக் கூட்டுகிறவள் அப்போது பார்த்து அங்கே வந்தாள்.

“ஐயோ, இது வெந்நீர் சிஸ்டரோடது. வாளியில கிடந்துச்சு, மூட்டையில போட்டுட்டேன்.”

அறுவை சிகிச்சை வார்டு நர்ஸ் அந்த வெந்நீர் சிஸ்டர். கேன்டீனில் டீயும் தொடமாட்டாள், காபியும் தொடமாட்டாள். வெந்நீரை ஊதி ஊதிக் குடிப்பாள். அவள் மார்மன் மதத்தைச் சேர்ந்தவள் என்பது தெரியும். மார்மன் என்றால் என்ன என்பது ஒருவருக்கும் தெரியாது.

“பேர்லயே மர்மம் இருக்கு பாத்தீங்களா?” என்றார் ரேடியோ. கூடமே சிரித்தது. குறிக்காரம்மாவும் சிரித்தாள். ரேடியோ போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார்.

புதன்கிழமை மதியம் அறுவை சிகிச்சை வார்டில் ஒரு நோயாளி இறந்தார். நாற்பது வயது. அறுவை முடிந்து இரண்டாம் நாள், காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டது. அப்போது பணியில் இருந்தது வெந்நீர் சிஸ்டர். அன்று சாயங்காலமே ரேடியோவின் படம் செத்தவரின் தம்பி கையில் இருந்தது. ஊழியர் பலகையிலிருந்து எடுத்த அவள் முகமும் அதில் ஒட்டப்பட்டிருந்தது. கீழே எவனோ எழுதியிருந்தான்: ‘மொத்தம் நாலு குறி. ஒன்று அவிழ்ந்தது, ஓர் உயிர் போனது. இன்னும் மூன்று பாக்கி.’

மருத்துவ அறிக்கை மூன்று பக்கம். இது ஒன்றரை வரி. எது வேகமாக ஓடும் என்று சொல்ல வேண்டுமா? வியாழக்கிழமை விடிந்ததும் ஏழு நோயாளிகள் தங்களை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொன்னார்கள். வாசலில் கூட்டம் கூடியது. ‘அறையை விட்டு வெளியே வராதே, செவ்வாய் பதினொரு மணிக்கு விசாரணை’ என்று நர்ஸுக்குத் தாள் போனது. நூலை அவிழ்த்தது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நர்ஸ்தான் அவிழ்த்தாள், சபித்தாள், கொன்றாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அவிழ்த்தது யார் என்று குறிக்காரம்மாவுக்குத் தெரியும். பார்த்த ரேடியோவுக்கும் தெரியும். அவர் அன்றைக்கு மட்டும் ஒலிபரப்பவில்லை.

சலவைக்கூடத்துக்குப் பொறுப்பான ஸ்டோர்காரர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“செவ்வாய்க்கிழமை உன்னைக் கேப்பாங்க. துணி நோயாளி மூட்டைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்துச்சுன்னு சொல்லு. ஒரே வரி.”

“விடுதி மூட்டையில சார் வந்துச்சு. நான்தானே அவிழ்த்தேன்.”

“இங்க பாரும்மா. மந்திரம் கிந்திரம்னு நாங்க பேசப்போறதில்ல. நாம படிச்சவங்க. சொந்தத் துணியை நோயாளி துணியோட கலந்தது சுகாதார விதிமீறல், அவ்வளவுதான். அவ போயிடுவா, வாசல்ல கூட்டமும் போயிடும்.”

“அந்தப் பிரிஞ்ச நூலு?”

ஸ்டோர்காரர் அவள் கையைப் பார்த்தார். “அதை உன்கிட்ட யாரும் கேக்கல. நீயா வாயைக் குடுக்காத. ஊழியர் துணியைச் சேதம் பண்ணினா என்ன விதின்னு தெரியும்ல? ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருஷம். நல்லபடியா போய்ச் சேரு.”

அன்று வேலை முடிந்ததும் குறிக்காரம்மா விடுதிக்குப் போனாள். எதற்கு என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. இரண்டாவது மாடியில் சிறிய அறை. மூலையில் ஒரு கொடி, அதை மறைத்து ஒரு துண்டு. கட்டிலின் மேல் பாதி அடுக்கிய பெட்டி.

“உட்காருங்க அக்கா. குடிக்க வெந்நீர்தான் இருக்கு.”

குறிக்காரம்மாவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள்.

“பரவால்ல, சிரிங்க. எனக்கு என்ன பேரு வச்சிருக்கீங்கன்னு தெரியும்.”

“சிஸ்டர், நேராவே கேக்கறேன். அந்தத் துணி எதுக்கு?”

“எங்க கோயில்ல கடவுளுக்கு ஒரு வாக்கு குடுத்திருக்கேன். அது மறக்கக் கூடாதுன்னு உடம்போட ஒட்டிப் போட்டுக்கறது. வெளிய காட்ட மாட்டோம். அதனாலதான் நானே துவைச்சு இந்தத் துண்டுக்குப் பின்னாடி காயப்போடறேன். அன்னிக்குக் காய்ச்சல், வாளியிலயே விட்டுட்டேன்.”

“மந்திரம் ஒண்ணும் இல்லையே?”

“மந்திரம் இருந்தா எனக்கு ஏன் அக்கா காய்ச்சல் வருது?”

“அந்தக் குறிக்கெல்லாம் என்ன அர்த்தம்?”

“அதை வெளியாளுங்ககிட்ட பேசறதில்ல.”

“மூடி மூடி வச்சா எப்படி நம்பறது?”

“என் சாமியை நீங்க நம்ப வேண்டாம். நான் கொல்லலன்னு மட்டும் நம்புங்க.” நர்ஸ் பெட்டியில் ஒரு சட்டையை மடித்து வைத்தாள். “துணி நைஞ்சு போனா அந்தக் குறிகளை நாங்களே வெட்டி எடுத்து அழிச்சுடுவோம். அடுத்தவங்க கை படக்கூடாது. அந்தப் படத்தைப் பெருசு பண்ணிப் பாத்தேன் அக்கா. முழங்கால்ல பிரிச்சவங்க துணி ஒரு இழைகூடக் கிழியாம பிரிச்சிருக்காங்க. தொழில் தெரிஞ்ச கை.”

குறிக்காரம்மா கைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். “நேரமாச்சு” என்று எழுந்தாள்.

அவள் மகள் நூலகத்தில் வேலை பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை இரண்டு புத்தகங்களோடு வீட்டுக்கு வந்தாள்.

“ஒண்ணு அவங்களே எழுதினது. ஒண்ணு அவங்களைக் கிழிச்சு எழுதினது. ரெண்டுலயும் பாதியைத் தள்ளிட்டா உண்மை கிடைக்கும்மா.”

“எந்தப் பாதியைத் தள்றதுன்னு யாருடி சொல்லுவா?”

சமையலறையில் மகள் படித்துப் படித்துத் தன் வார்த்தையில் சொன்னாள். மார்மன் சபையைத் தொடங்கியவர் ஓர் ஏழை விவசாயியின் மகன். குன்றில் புதைந்திருந்த தங்கத் தகடுகளைத் தேவதூதன் காட்டினான் என்றார். தொப்பிக்குள் ஒரு கல்லைப் போட்டு, அதில் முகம் புதைத்து, தகட்டிலிருந்ததை மொழிபெயர்த்ததாகக் கூட இருந்தவர்கள் எழுதி வைத்தார்கள்.

“தொப்பிக்குள்ளயா? அப்புறம் தகடு எதுக்கு?”

“நல்ல கேள்வி. நூத்துத் தொண்ணூறு வருஷமா கேட்டுக்கிட்டிருக்காங்க.”

பிறகு மகளின் குரல் மாறியது. இவர்களை ஒழித்துக்கட்ட வேண்டும், இல்லையென்றால் மாநிலத்தை விட்டே துரத்த வேண்டும் என்று ஓர் ஆளுநர் கையெழுத்துப் போட்டு ஆணையிட்டார். சபையைத் தொடங்கியவர் சிறையில், அரசின் காவலில் இருக்கும்போதே, முகத்தில் கரி பூசிய கும்பல் படியேறி வந்து அவரைச் சுட்டுக் கொன்றது. மிச்சமிருந்தவர்கள் குளிரிலும் பசியிலும் செத்துக்கொண்டே பாலைவனம்வரை நடந்தார்கள். அடிபட்டவர்கள் எல்லாரும் உத்தமர்கள் ஆகிவிடுவதில்லை. அங்கே போய்ச் சேர்ந்த பத்து வருஷத்தில், அவ்வழியே போன பயணிகள் நூற்றிருபது பேரை இவர்களில் ஒரு கூட்டம் கொன்றது. கறுப்பின ஆண்களுக்கு 1978வரை குருவாகும் உரிமையை மறுத்தார்கள். தகடுகளைப் பார்த்துச் சிரிக்கலாம், இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

“இன்னும் ஒண்ணு இருக்கும்மா,” என்று மகள் தயங்கினாள். “பல பேரைக் கட்டிக்கிட்டாங்க. தொடங்கினவருக்கே முப்பதுக்கு மேல. முதல்ல சம்சாரத்துக்கே தெரியாமதான் கட்டினாரு. கடவுள் சொன்னாருன்னு பின்னாடி சொன்னாங்க.”

குறிக்காரம்மா அடுப்பை அணைத்தாள். “புத்தகத்தை மூடு.”

“அம்மா...”

“மூடுடி. ஆம்பளைக்கு ஆசை வந்தா கடவுள் வாயைத் திறந்துடறாரு. பொண்டாட்டி அழுதா மட்டும் அவருக்குக் காது கேக்காது. நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. அவ போனா போகட்டும்.”

சனிக்கிழமை முழுக்க அவளுக்கு மனம் லேசாக இருந்தது. பயத்துக்கு ஒரு கௌரவமான பெயர் கிடைத்துவிட்டது, கொள்கை. நம்மில் எத்தனை பேர் இப்படித் தப்பிக்கிறோம்! ஒரு மதத்தின் பழைய அநியாயத்தைக் காட்டி, கண்ணெதிரே நடக்கும் புதிய அநியாயத்துக்கு வாய் மூடிக்கொள்கிறோம். பகுத்தறிவு என்று வேறு அதற்குப் பெயர் வைக்கிறோம். அறிவுக்கு முதல் வேலை, ஒரு நூல் அவிழ்ந்ததால் ஒருவன் சாகவில்லை என்று உரக்கச் சொல்வது. தகடு தங்கமா தகரமா என்பதை அதற்கப்புறம் உட்கார்ந்து பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டாள். “அப்பா ரெண்டு வீடு வச்சதுக்கு அந்தப் பொண்ணு என்னம்மா பண்ணும்?”

அன்று குறிக்காரம்மா சாப்பிடவில்லை.

திங்கள் சாயங்காலம் மறுபடி விடுதிப் படி ஏறினாள். உட்காராமல் நின்றபடியே கேட்டாள்.

“உங்க ஆளுங்க நிறையப் பேரைக் கட்டிக்கிட்டாங்களாமே?”

நர்ஸ் இதை எதிர்பார்த்தவள் மாதிரி தலையசைத்தாள். “1890ல நிறுத்தறதா அறிவிச்சாங்க. இப்ப யாராவது செஞ்சா சபையை விட்டே தள்ளிடுவாங்க.”

“நிறுத்தினது சரி. அதுவரைக்கும் அழுதவங்க இருந்திருப்பாங்களே, அவங்களுக்கு யாரு பதில் சொன்னது?”

“தெரியல அக்கா. முதல்ல படிச்சப்போ தொண்டையில முள்ளு மாதிரி நின்னுச்சு. இன்னும் நிக்குது. சபையில கேட்டேன். சிலபேர் விளக்கம் சொன்னாங்க. சிலபேர் கேக்காதன்னாங்க.”

“அப்புறம் ஏன் அங்க இருக்க?”

“முள்ளு நிக்குதுன்னு தொண்டையையா வெட்டிக்கறது?”

அந்தப் பதிலைக் குறிக்காரம்மா ஏற்றுக்கொள்ளவில்லை. இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் ‘தெரியல’ என்று சொன்ன ஒருத்தியிடம் இனிமேலும் பொய்யாக நிற்க அவளால் முடியவில்லை.

“முழங்கால் குறியைப் பிரிச்சது நான்தான். வேற லாண்டரி குறின்னு நினைச்சேன்.”

நர்ஸ் அவள் கைகளைப் பார்த்தாள். “போன திங்கக்கிழமையே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அவங்க என்னைக் கொலைகாரின்னு எழுதினப்போ?”

“தெரியும்.”

“அன்னிக்கு வந்து இந்தக் கட்டில்ல உட்காந்தீங்களே, அப்பவும்?”

குறிக்காரம்மா தலை குனிந்தாள்.

“வெளிய போங்க,” என்றாள் நர்ஸ். குரலை உயர்த்தவில்லை. “தயவுசெஞ்சு போயிடுங்க.”

செவ்வாய் பதினொரு மணி. ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரின் அறை. ஒரு பக்கம் ஸ்டோர்காரர், எதிரே செத்தவரின் தம்பி, சுவரோரம் நர்ஸ். மேசையின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் பையில் அந்த வெள்ளைத் துணி.

“முதல்ல அதை மூடி வைங்க சார். அது அவங்க உள்துணி,” என்றாள் குறிக்காரம்மா.

கண்காணிப்பாளர் ஒரு ஃபைலை எடுத்து அதன்மேல் வைத்தார். “எந்த மூட்டையில வந்துச்சு?”

“விடுதி மூட்டை. பச்சை நூல்.”

“யோசிச்சுச் சொல்லும்மா,” என்றார் ஸ்டோர்காரர்.

“யோசிச்சாச்சு சார். அஞ்சு நாள் யோசிச்சாச்சு. அதுல முழங்கால்ல இருந்த குறியை இந்தக் கையாலதான் பிரிச்சேன். போன வாரம் திங்கக்கிழமை காலை எட்டரை மணி. மூணு தையலுக்கு ஒண்ணை வெட்டி, மறுபக்கத்துலருந்து இழுப்பேன். அதான் என் வழக்கம். பிரிச்ச எடத்தை எந்தத் தையக்காரர்கிட்டயும் காட்டுங்க.” பிறகு செத்தவரின் தம்பி பக்கம் திரும்பினாள். “தம்பி, நூல் அவிழ்ந்ததுனாலதான் உங்க அண்ணன் போனாருன்னா, கொன்னது இவங்க இல்ல. நான். என்னைப் பிடிங்க.”

அவன் எழுந்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்து ஸ்டோர்காரர் நாற்காலியைப் பின்னால் இழுத்தார்.

“இங்க யாரும் மந்திரத்தை நம்பலம்மா,” என்றார் கண்காணிப்பாளர் அவசரமாக.

“நம்பலன்னா பன்னெண்டாம் கட்டிலுக்கு அப்புறம் ஏன் சார் பதினாலு? எல்லா வார்டுக்கும் நான்தானே நம்பர் தைக்கிறேன். முப்பத்தொரு வருஷத்துல ஒரு பதிமூணு தைச்சதில்ல.”

தம்பி அவளைப் பார்த்தான், நர்ஸைப் பார்த்தான். “அப்ப எங்கண்ணன் எப்படித்தான் செத்தான்?” என்று கத்தினான். “ஆபரேஷன் நல்லா முடிஞ்சுதுன்னு சொன்னீங்க. காலையில என்கிட்டப் பேசினான். மத்தியானம் பொணமாக் குடுத்தீங்க. ஏன்னு ஒருத்தராவது சொன்னீங்களா?”

சொல்லவில்லை. ஆறு நாளாக அந்த மூன்று பக்க அறிக்கை கண்காணிப்பாளரின் இழுப்பறையில் கிடந்தது. அந்த வெற்றிடத்தில்தான் ஒன்றரை வரி வந்து குடியேறியிருந்தது. கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார். அதற்குள் சுவரோரம் இருந்த நர்ஸ் நடந்து வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள். காலில் ரத்தம் எப்படி உறைகிறது, அது எங்கே போய் அடைக்கிறது, அன்று மதியம் எத்தனை நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது, யார் யார் ஓடி வந்தார்கள், அவள் தன் கையால் அவர் மார்பை எத்தனை நேரம் அழுத்தினாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான்.

நர்ஸை மறுநாளே மறுபடி வேலைக்கு எடுத்தார்கள். அந்த வார்டில் ஊசி போட அவள் கிட்டே போனால் சில நோயாளிகள் இன்னும் கையை இழுத்துக்கொண்டார்கள். ஒரு மாசம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போனாள். போகும்போது சலவைக்கூடம் இருந்த பக்கம்கூட வரவில்லை. குறிக்காரம்மாவின் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு, ரத்தமும் சீழும் படிந்த துணி வந்து இறங்கும் அறைக்கு மாற்றினார்கள். ஸ்டோர்காரர் தன் நாற்காலியிலேயே இருக்கிறார். ரேடியோ இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் திறந்துவிட்டார்.

போன மாதம் குறிக்காரம்மாவின் போன் அடித்தது. பழக்கமில்லாத எண்.

“அக்கா, நான்தான்.” நர்ஸின் குரல். “இந்த ஆஸ்பத்திரிக்கும் அந்தப் படம் வந்துடுச்சு. வார்டுல காட்டிக்கிட்டுத் திரியறாங்க.”

“யாருகிட்டப் பேசணும், சொல்லு. அந்தப் பெரிய டாக்டர் நம்பரைக் குடு. நான்தான் பிரிச்சேன்னு சொல்றேன்.”

அன்று பேசினாள். அடுத்த வாரம் இன்னொருவரிடம் பேசினாள். கறை துணிக்கு நடுவில் நின்றுகொண்டு, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் அந்தத் திங்கட்கிழமையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் ஒருத்தி எத்தனை பேரிடம்தான் சொல்வாள்?

அந்தப் படமோ, அதைப் போல் வேறொருத்தியின் படமோ, உங்கள் போனுக்கும் வந்திருக்கும். ஒருவேளை நீங்களும் சிரித்திருப்பீர்கள். இதைப் படித்து முடித்த கையோடு அதைத் தேடி எடுத்து அழித்துவிடுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். அதை உங்களுக்கு அனுப்பியவரைக் கூப்பிட்டு, அவர் கோபித்துக்கொண்டாலும் சரி, அது பொய் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.